மூடிய கை என்றால் ஜீரோ

ஏசியை அணைத்தாகிவிட்டது. ஓடவிட்டால் அதன் உறுமல் குரலோடு போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நல்ல தொண்டையும் கரகரவென்று கேட்கும் என்பது ரேணுகாதேவி போட்ட சட்டம். சட்டம் போட்டவளுக்கே இப்போது பிடரியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. கோயம்புத்தூருக்கு வெயிலே தெரியாது என்று பெருமையடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் போயாயிற்று. சித்திரை பிறந்ததும் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி கொதித்தது. அதிலும் இந்த அறை, சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டி, ஜன்னல் இல்லாமல், கதவைச் சாத்தினால் வெளியுலகமே செத்துப்போன மாதிரி ஒரு நிசப்தம். சாப்பாட்டு நேரத்தில்தான் நோயாளிகள் இருக்க மாட்டார்கள் என்று தயிர்சாதத்தைக்கூடத் திறக்காமல் அவளும் ஷெரினும் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஷெரின் மார்த்தாண்டத்துப் பெண். பேச்சுப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. ரேணுகா இங்கே இருபது வருடத்துக்கு மேல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் இப்படி உட்கார்ந்து காதைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கணினியில் யாரோ ஒரு நோயாளி "ஆ" என்று இழுத்துச் சொல்வது ஓடும். பெயர் கிடையாது, வயது கிடையாது, வெறும் ஆ. கேட்டு முடிந்ததும் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் வலது கையை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் நீட்ட வேண்டும். மூடிய கை என்றால் ஜீரோ, கோளாறே இல்லை. ஒரு விரல் லேசு, இரண்டு விரல் நடுத்தரம், மூன்று விரல் மோசம். முதலில் கரகரப்புக்கு, பிறகு குரலில் காற்று ஒழுகுவதற்கு, கடைசியாகத் தொண்டையை இறுக்கிப் பேசுவதற்கு. சின்னப்பிள்ளை விளையாட்டு என்று காது மூக்கு தொண்டை டாக்டர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். எழுதச் சொன்னால் அடுத்தவர் என்ன எழுதுகிறார் என்று கண் தானாகப் போகும், கைக்கு அந்தத் திருட்டுத்தனம் தெரியாது.

முதல் ஆ ஒரு பெண்ணுடையது. நாள் முழுக்கத் தெருவில் கூவி விற்கிற தொண்டை, அடியில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம். இது அந்தக் கீரைக்காரம்மாவேதான், யாரென்று நினைக்கக் கூடாது, நினைத்தால் பரிதாபம் வந்து விரலை மடக்கும், ஆனால் எப்படி நினைக்காமல் இருப்பது, "எனக்கு இந்தக் கொரலைச் சரிபண்ணிக் குடுத்துட்டா காலைல நான் கூவறது வேற யாரோன்னு நெனச்சுக் கதவே தொறக்க மாட்டாங்க சாமி" என்று சொல்லிச் சிரித்த அம்மா. கை நீட்டினார்கள். ரேணுகா ஒரு விரல். ஷெரின் இரண்டு. சரி, முதல் குரலுக்கு இப்படி ஆகும், காது சூடேற வேண்டும். காற்றுக்கு இருவரும் ஒன்று. இறுக்கத்துக்கு இருவரும் இரண்டு. அடுத்த ஆ, ஓர் ஆண், வாத்தியாராக இருக்கலாம். ரேணுகாவின் கை மூடியிருந்தது, ஷெரின் ஒரு விரல். அடுத்தது, ஒன்று, இரண்டு. அதற்கடுத்தது, இரண்டு, மூன்று. இந்தப் பெண் கறார். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான், எல்லாக் குரலிலும் நோயைக் கண்டுபிடித்தால்தான் தூக்கம் வரும். நானும் ஒருகாலத்தில் கல்யாண வீட்டில் நாதஸ்வரத்தை விட்டுவிட்டு ஐயருடைய தொண்டையைத்தானே கவனித்துக்கொண்டிருந்தேன். போகப்போகச் சரியாகிவிடும். ஆனால் காற்றில் ஒத்துப்போகிறாள், இறுக்கத்தில் ஒத்துப்போகிறாள், கரகரப்பில் மட்டும் ஒரு விரல் கூட. கறார் என்றால் மூன்றிலும் கறாராக அல்லவா இருக்க வேண்டும்? மடியில் செல்போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. எடுத்துப் பார்த்தாள். குழந்தைவேலுதான். மதியம் சாப்பிட வரல, ஆர்டர் இருக்கு. கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கணவர், ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்தி இதை அனுப்பக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் போன்தான், இந்தக் குத்துற வேலையெல்லாம் எனக்கு ஆகாது என்பார். இப்போது காலத்துக்குத் தகுந்தாற்போல் மாறிவிட்டார். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்ததுக்கா," என்றாள் ஷெரின். ஓர் ஆணின் ஆ. இளவயது, நிதானமாக ஆரம்பித்து நிதானமாக முடிந்தது. ரேணுகாவுக்குக் கேட்கும்போதே மனசு லேசாயிற்று. எத்தனை கோணல் குரல்களுக்கு நடுவே ஒரு நேரான குரல். மூடிய கையைத் தயங்காமல் நீட்டினாள். எதிரே ஷெரின் ஒரு விரலோடு உட்கார்ந்திருந்தாள். ஷெரின் கையை இறக்கிவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று துப்பட்டா நுனியைச் சுருட்டினாள். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இது பேஷண்ட் இல்ல. நம்ம பழைய டீச்சிங் ஸாம்பிள். நீங்க ரெக்கார்டு பண்ணதுதான். நான் சேர்ந்த அன்னைக்கு இதைப் போட்டுக் காமிச்சு, கரகரப்புல ஒண்ணுன்னா இதுதான் ஒண்ணு, சாகுற வரைக்கும் மறக்காதேன்னு சொன்னீங்க. சும்மா நடுவுல ஒண்ணு சொருகி வச்சேன், நம்ம ரெண்டு பேருக்கும் செக் பண்ண." ரேணுகா சிரித்தாள். சிரித்தது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. "இன்னொருக்கா போடு," என்றாள். ஓடியது. நேரான குரல். கண்ணை மூடிக்கொண்டு, கரகரப்பு இருக்கிறது, இருக்கிறது, நீயேதான் கண்டுபிடித்து வைத்தாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேட்டாள். நேரான குரல்தான். "இன்னொருக்கா." மணல் எங்கே? அன்றைக்கு இருந்த மணல் இன்றைக்கு எங்கே போயிற்று? பதிவு மாறாது. அப்படியானால் மாறியது இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற காது.

காது மந்தமாகியிருக்குமோ, வயதாகிறதே, நாற்பத்தெட்டு. ஆனால் போன மாதம்தான் பக்கத்து அறையில் காது சோதனை செய்துகொண்டாள், குறையே இல்லை. காற்றையும் இறுக்கத்தையும் சரியாகக் கேட்கிற காது கரகரப்பை மட்டும் எப்படித் தொலைக்கும்? வீட்டு எடை மெஷின் ஞாபகம் வந்தது. இரண்டு கிலோ ஏறிவிட்டேன் என்று அவள் ஒருநாள் அதன்மேல் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது, குழந்தைவேலு பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது. "நீ எறங்கு புள்ள மொதல்ல. எறங்குனா முள்ளு ஜீரோவுல வந்து நிக்குதா பாரு. அத உட்டுட்டுச் சோத்தக் கொறைக்கறாளாமா." இறங்கிப் பார்த்தால் ஆளே இல்லாமல் முள் இரண்டில் நின்றது. அன்றைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜீரோ. என்னுடைய ஜீரோ எது? ஷெரின் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், வாங்கிக் குடித்தாள், சுடுதண்ணீராக இருந்தது. என்னுடைய ஜீரோ எது என்று அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சென்னையில் படிக்கும்போது பேராசிரியை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்: புத்தகத்தில் நல்ல குரல் கிடைக்காது, ஆளுக்கு ஒரு நல்ல குரலை மனசில் பதிய வைத்துக்கொள்ளுங்கள், வருகிற குரலை எல்லாம் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எது என்று வெளியே சொல்ல வேண்டாம். மற்றவர்கள் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்களை எடுத்துக்கொண்டார்கள். ரேணுகாவுக்கு அப்போது நிச்சயம் முடிந்திருந்தது. தினமும் பொழுது சாய்ந்ததும் ஹாஸ்டல் போன் அடிக்கும், வார்டன் முறைத்துக்கொண்டே கூப்பிடுவார், அவள் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடுவாள். அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்குப் பேச விஷயமே இருக்காது. இன்னைக்கு ஒரு ஷாஃப்ட் முடிச்சேன், நாளைக்கு ஒரு புஷ் கடையோணும், சாப்ட்டியா. அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல்! புதிதாக எண்ணெய் விட்ட பேரிங் சுழல்கிற மாதிரி, ஒரு இடத்தில் தட்டாது, ஒரு இடத்தில் உரசாது. கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பதால் மயங்கிவிட்டோமோ என்று படிப்பாளிப் புத்தியோடு சோதித்தும் பார்த்தாள். இல்லை, உண்மையிலேயே சுத்தமான குரல். அதையே எடுத்து வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை ஆயிரம் தொண்டைகள் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தனவோ, அத்தனையையும் குழந்தைவேலுவின் பக்கத்தில் வைத்துத்தான் விரல் நீட்டியிருக்கிறாள்.

இந்த இடத்தில் அவள் மனசு நின்றது. நின்ற இடத்தைத் தாண்டப் பிடிக்காமல் தயிர்சாதத்துக்குப் போனது, புளித்திருக்கும், மூடியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து சாயங்காலம் வாங்க வேண்டிய மாவுக்குப் போனது. போய்விட்டுத் திரும்பி அதே இடத்தில் வந்து நின்றது. ஜீரோ நகர்ந்திருக்கிறது என்றால் அந்தக் குரல் நகர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தினமும் கேட்கிற குரல், ஒரு நாளைக்கு ஒரு குருணை மணல் சேர்ந்தால் எந்தக் காது கண்டுபிடிக்கும்? காலையில் என்ன பேசினார்? சாவி எங்க என்று கேட்டார். அந்தச் "சாவி எங்க" எப்படி ஒலித்தது? அவளால் வார்த்தையைத்தான் பிடிக்க முடிந்தது. முகம் வந்தது, கட்டம் போட்ட சட்டை வந்தது, சட்டைப் பையில் சொருகியிருந்த வெர்னியர் அளவுகோல் வந்தது, குரல் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பழைய ஹாஸ்டல் போன்தான் பேசியது. ஆனால் வேறு என்னென்னவோ வந்தது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வரிசைகட்டிக்கொண்டு வந்தது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது. பல்கூட விளக்காமல் வெந்நீர் கேட்பது. எதிர்வீட்டு ராமசாமியை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடாமல் கையைத் தட்டுவது. அதற்கு அவள், ஏனுங்க, அவரு என்ன காக்காயா கை தட்டறீங்க என்று கேலி வேறு செய்தாளே. இந்தப் போன் மெசேஜ். ஐயோ, காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறினாராம், சந்தோஷப்பட்டாளாம்! மகன் அகிலன் பெங்களூரிலிருந்து பேசும்போது, அப்பாவுக்குச் சளியாம்மா, ஒரு மாதிரி பேசறாரு என்றான். பட்டறை சத்தத்துல கத்திக் கத்தி அப்படித்தான்டா இருக்கும் என்று இவள்தான் பதில் சொன்னாள். நோயாளியோடு வருகிற பெண்டாட்டிகள் எல்லாரும் சொல்கிற அதே பதில். அந்தப் பெண்டாட்டிகளைப் பார்த்து இவள் உள்ளூரத் தலையில் அடித்துக்கொள்வாள்.

அகிலன் அதை எப்போது சொன்னான்? அவன் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போன பிறகா, வருவதற்கு முன்பா? பொங்கலன்று பானை பொங்கியபோது வழக்கமாகத் தெருவே அதிர, பொங்கலோ பொங்கல் என்று கத்துகிற மனிதர் இந்த வருடம் தட்டை எடுத்துக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். இவளும் அகிலனும்தான் கத்தினார்கள். தையிலிருந்து சித்திரை. மூன்று வாரம் என்பது கணக்கு. தொண்டைக்கட்டு மூன்று வாரத்துக்கு மேல் போனால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அதை அவள் சொல்லாத ஆள் இல்லை. பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாள், பால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துச் சொல்லி, அவர் போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்து ஒரு லிட்டர் பால் சும்மா ஊற்றிவிட்டுப் போனார். ஊருக்கெல்லாம் சொன்ன வாய்க்கு வீட்டில் சொல்ல ஒரு மனிதன் இருப்பது தெரியவில்லை. ஒன்றும் இருக்காது, குரல்நாணில் சின்னத் தடிப்பாக இருக்கும், கத்துகிற தொழில், ஆறு வாரம் பயிற்சி கொடுத்தால் கரைந்துவிடும், நானே கொடுப்பேன், மனுஷன் ஒத்துழைக்க மாட்டார், சண்டை போட்டாவது கொடுப்பேன். இருக்காது என்று எப்படிச் சொல்கிறாய்? சிகரெட்டை அகிலன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோதே விட்டுவிட்டதாகச் சொன்னார். நம்பினாள். பட்டறைச் சட்டையில் வருகிற எண்ணெய் வாடைக்கு அடியில் வேறு வாடை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. போன வருடம் பொள்ளாச்சியிலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர், நல்ல உயரம், தாமதமாகக் காட்டி, கழுத்தில் ஓட்டை போட்டு, விரலால் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு முதன்முதலில் சொன்ன வார்த்தை தன் பெண்டாட்டியின் பெயர். அந்தப் பெண் கேட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டாள், இது அவுங்க இல்லீங், இது அவுங்க இல்லீங் என்று. ரேணுகா அவளைத் தேற்றினாள், பழகிரும்மா, நாளாக ஆகப் பழகிரும் என்றாள். பழகிரும். எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். காது எதற்கும் பழகிவிடும் என்று உனக்குத்தான் முன்பே தெரியுமே. புற்று என்ற வார்த்தையை அவள் அதுவரை மனசுக்குள்கூடச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தாள். இப்போது சொல்லிப் பார்த்தாள். பயமாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் இல்லை அதற்கு.

"அக்கா, போதும்க்கா, இன்னொரு நாள் பாக்கலாம். உங்களுக்கு முடியலியா?" ஷெரின் எழுந்து ஏசி ரிமோட்டைத் தேடினாள். "போடாதே," என்றாள் ரேணுகா. "ஷெரின், தை மாசத்துல இருந்து நான் பாத்த பேஷண்ட் அத்தனை பேரையும் மறுபடி கேக்கோணும். நீதான் கேக்கோணும். நான் எல்லாருக்கும் ஒரு விரல் கம்மியாப் போட்டிருக்கேன்." ஷெரின் தேடுவதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, "ஒரு விரல்தானேக்கா," என்றாள். "ஒரு விரல்தான்," என்றாள் ரேணுகா. போனைத் திருப்பினாள். கைவேர்வையில் திரை வழுக்கியது. அழைத்து, ஒலிபெருக்கியைத் தட்டிவிட்டு மேஜைமேல் வைத்தாள். "இதையும் ஒண்ணு கேளு. கைய பின்னால வச்சுக்கோ." யார் என்று ஷெரின் கேட்கவில்லை, திரையிலேயே பெயர் இருந்தது.

"சொல்லு புள்ள." பின்னணியில் லேத் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, ஒரு நிமிசம். ஆ-ன்னு சொல்லுங்க. மூச்சு இருக்கற வரைக்கும் இழுத்துச் சொல்லுங்க."

"என்ன பைத்தியமாட்ட. ஆளுக நிக்கறாங்க."

"நிக்கட்டும். சொல்லுங்க."

"உங்க ஆஸ்பத்திரி கூத்துக்கு நாந்தான் கெடச்சனா," என்றார். பிறகு, எப்போதும்போல, கேட்டதைச் செய்தார். ஆ வந்தது.

ரேணுகா கண்ணை மூடினாள். லேத்தை ஒதுக்கு, அறையின் வெக்கையை ஒதுக்கு, இது உன் வீட்டுக்காரர் என்பதை ஒதுக்கு, ஒரு வாத்தியார், ஒரு பஸ் கண்டக்டர், பெயரில்லாத ஓர் ஆண், கேள். கேட்டாள். இரண்டு இரண்டு படியாக யாரோ இறங்கி ஓடினார்கள். ஷாஃப்ட் முடிந்ததா, சாப்பிட்டாயா. ஒரு இடத்தில் தட்டவில்லை, ஒரு இடத்தில் உரசவில்லை. ஆ நின்றது, கொஞ்சம் சீக்கிரமாகவே நின்றது. கையை முன்னால் கொண்டுவந்தாள். பார்க்காமலேயே தெரிந்தது, மூடியிருந்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே கை இல்லை. ஷெரின் பின்னால் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"காட்டு," என்றாள்.

"பின்னால சத்தம்க்கா. இந்தச் சத்தத்துல ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"காட்டு சாமி."

கை மெதுவாக வந்தது. இரண்டு விரல் நீட்டியிருந்தது. எழும்பப் பார்த்த மூன்றாவது விரலைக் கட்டைவிரல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷெரினுடைய கண் நிறைந்திருந்தது.

"என்ன, பாஸா ஃபெயிலா?" என்றது போன்.

தொண்டையைக் காட்ட வாருங்கள் என்றால் வர மாட்டார். ஆர்டர் இருக்கிறது என்பார், அடுத்த வாரம் என்பார், வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்பார். இந்த மனிதரைத் தெரியாதா. "ஏனுங்க," என்றாள், "பட்டறைய உட்டுட்டு இங்க வாங்க."

"எதுக்கு?"

"என்ற காது சரியில்லீங்க. டாக்டர்கிட்டக் காட்டோணும். தொணைக்கு ஆள் வேணும்."

சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. லேத்தின் கிறீச் இறங்கி, முனகி, நின்றது. கல்யாணமான இத்தனை வருடத்தில், வேலை நேரத்தில் அவர் மிஷினை நிறுத்திவிட்டுப் பேசி அவள் கேட்டதில்லை. இந்தப் பக்கம் பஞ்சு ஒட்டிய அறை, அந்தப் பக்கம் நின்றுபோன பட்டறை, நடுவில் அவருடைய குரல் மட்டும் ஒட்டுத்துணி இல்லாமல் நின்றது.

"காதா? வலிக்குதா? காலைல நல்லாத்தானே புள்ள இருந்த? இதா, வண்டிய எடுத்துட்டேன். நீ அங்கயே உக்காந்திரு, நான் வந்தர்றேன்."

ரேணுகா இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் எதையோ உரசிக்கொண்டு வந்தது. "புள்ள" என்ற இடத்தில் குரலே இல்லை, வெறும் காற்று. நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் அதில் மூன்று விரல் விரிந்திருந்தது.

"மெதுவா ஓட்டிட்டு வாங்க," என்றாள்.